வௌவாலுக்கும் ஒரு பதிவேடு



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக் கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். "சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று வானத்தைப் பார்த்து ஏதோ எண்ணிக் கொண்டிருக்கிறீர்களாமே, உடம்பு சௌகரியம்தானே சார்?" என்று கவலையோடு விசாரித்தார். "வௌவால் எண்ணுகிறேன்" என்றேன். அவருடைய கவலை குறைந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மலர்க்குழுச் செயலாளர், "அதையே கட்டுரையாக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். அதன் விளைவே இது.

நான் எழுத்தாளன் அல்லன். 1978ல் சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் சேர்ந்து, தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்த்தே 60 வயதை எட்டியவன். மீட்டர் கேஜாக இருந்த மைசூர்–சாமராஜநகர் பாதை 2008ல் அகலப்பாதையாக மாறிய சமயத்தில் இந்த ஊர் எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு பக்கம் பிளிகிரிரங்கன மலை, மறுபக்கம் திம்பம் வழியாக இறங்கினால் நம் சத்தியமங்கலம். 2018ல் ஓய்வு பெற்றதும் இங்கேயே தங்கிவிட்டேன்.

போன வருஷம் எவ்வளவு?

ரயில்வேயில் எங்களுக்கு முதலில் கற்றுக் கொடுப்பது பதிவேடு எழுதுவதைத்தான். கீமேன் தினமும் தன் பகுதியை நடந்து பார்ப்பார். நாங்கள் டிராலியில் போய்ப் பார்ப்போம். பாலம் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் அதன் நிலையை ஆண்டுதோறும் அதில் எழுத வேண்டும். தூணில் விரிசல் இருக்கிறது என்று எழுதினால் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "போன வருஷம் எவ்வளவு இருந்தது?" என்பதுதான். இன்றைய அளவை மட்டும் வைத்துக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. விரிசல் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் பழைய அளவு வேண்டும். பழைய அளவை இன்றைக்குப் போய் எடுத்து வர முடியாது. அன்றைக்கே எழுதியிருந்தால்தான் உண்டு.

இந்தப் பாடத்தை இரும்புக்கும் கல்லுக்கும் மட்டும் என்றே நான் நினைத்திருந்தேன். அது தவறு என்று புரிந்தது ஒரு பாலத்தடியில்.

சுமார் 35 ஆண்டுகளுக்கு முன், வேறொரு பகுதியில், கிளைப்பாதை ஒன்றில் கருங்கல் வளைவுப் பாலம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஊர்ப் பெயரும் பாதைப் பெயரும் வேண்டாம், தவறு என்னுடையது. வளைவின் அடியில் சாந்து உதிர்ந்து கற்களுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு இடுக்குகள் விட்டிருந்தன. மழைக்கு முன் சிமென்ட் கலவை செலுத்தி அடைக்க வேண்டும் என்று எழுதினேன். பாலத்தின் பாதுகாப்புக்கு அது தேவைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேலை தொடங்கிய அன்று கேங் மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார். என் தகப்பனார் வயது இருக்கும். "ஐயா, இடுக்குக்குள்ள துரிஞ்சில் இருக்குதுங்க. குட்டி போட்டிருக்குது. ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா குட்டி பறந்திரும், அப்புறம் ராத்திரி வெளிய போன நேரம் பார்த்து அடைச்சுக்கலாம்" என்றார். துரிஞ்சில் என்றால் சின்ன வௌவால். எனக்கு அப்போது 32 வயது. வேலை முடிக்க வேண்டிய தேதிதான் என் கண்ணில் நின்றது. "புகை போடுங்க, பறந்துரும்" என்றேன்.

பெரியவை பறந்தன. குட்டிகளால் பறக்க முடியவில்லை. இடுக்குகளை அடைத்து முடித்தோம். மூன்றாம் நாள் டிராலியில் அந்த வழியாக வந்தபோது நாற்றம் அடித்தது. டிராலி தள்ளியவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஸ்திரியும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதிவேட்டில் நான் எழுதியது: "இடுக்குகள் அடைக்கப்பட்டன. நிலை திருப்தி." எத்தனை மூட்டை சிமென்ட் என்று எழுதினேன். எத்தனை உயிர் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஐம்பதா, ஐந்நூறா? எந்த இனம்? அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவற்றுக்கு வேறு இருப்பிடம் இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எலியைப் போல வௌவாலும் குட்டி போட்டுப் பெருகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான வௌவால் இனங்களில் தாய்க்கு ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான். ஓர் ஆண்டுக் குட்டிகளை அழித்தால் அந்தக் கூட்டம் நிமிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

எண்ணத் தெரியாமல் எண்ணியது

ஓய்வுக்குப் பின் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் ஏரிக்கரை ஒன்றில் சில பெரிய ஆலமரங்களும் அத்தி மரங்களும் உண்டு. அவற்றில் பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுவதும் தொங்கும். இறக்கையை விரித்தால் நாலு அடி இருக்கும், எடை ஒன்றரைக் கிலோ வரை வரும். கன்னடத்தில் பாவலி என்பார்கள். நம் சின்ன வயதில், "வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த விருந்து இங்கே தினமும் நடக்கிறது.

நான் ஓய்வு பெற்ற அதே 2018ல், மே மாதம், கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்தது. அந்தக் கிருமிக்கு இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்று பத்திரிகைகள் எழுதின. கோழிக்கோட்டுச் சாலை வயநாடு வழியாக நம் குண்டலுபேட்டைக்குத்தான் வருகிறது. ஏரிக்கரை மரங்களை வெட்டிவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு அந்தப் பாலத்து நாற்றம் நினைவுக்கு வந்தது. வெட்டுவதோ விடுவதோ அப்புறம், முதலில் எத்தனை இருக்கின்றன என்றாவது எழுதி வைப்போம் என்று 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

முதல் நாள் கணக்கு பெரும் தோல்வி. பகலில் மரத்தடியில் நின்று தொங்குகிறவற்றை எண்ணினேன். இலை மறைத்தது. ஒன்று இடம் மாறித் தொங்கினால் பத்து அலறிக் கொண்டு கிளம்பின. மூன்று தடவை எண்ணியதில் மூன்று விடை. பிறகு மைசூரிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வழி சொல்லிக் கொடுத்தார். "பகலில் கீழே நின்று தொந்தரவு செய்யாதீர்கள் சார். சாயங்காலம் அவையே வெளியே வரும், அப்போது எண்ணுங்கள்" என்றார்.

முறை இதுதான். சூரியன் மறைந்த பின்னும் மேற்கு வானத்தில் சிறிது நேரம் வெளிச்சம் நிற்கும். ஆகவே மரத்துக்குக் கிழக்கே தள்ளி நின்று மேற்கே பார்க்க வேண்டும். வெளிச்சத்தின்மீது ஒவ்வொன்றும் கறுப்பு நிழலாகத் தெரியும். இருவர் நின்றால் திசையைப் பிரித்துக் கொள்ளலாம். கையில் அழுத்த அழுத்த எண் ஏறும் சிறு எண்ணி இருந்தால் கண்ணை வானத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கூட்டமாக வந்தால் பத்துப் பத்தாக எண்ண வேண்டும். வெளியே போனது திரும்பி மரத்துக்கு வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு இருட்டியதும் நிறுத்தி, நேரத்தையும் மேகத்தையும் காற்றையும் எழுத வேண்டும். அடுத்த மாதமும் அதே இடத்தில், அதே முறையில் நிற்க வேண்டும். முறையை மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது.

இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் ஆறு பெரிய குடியிருப்புகளில் 5 கோடியே 40 லட்சம் வௌவால்கள் இருப்பதாக 1957ல் மதிப்பிட்டிருந்தார்கள். பின்னர் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா வைத்துக் கணினியால் எண்ணி 2008ல் வெளியிட்டபோது கிடைத்தது சுமார் 40 லட்சம். நடுவில் 5 கோடி செத்ததா, அல்லது 1957ல் கண்ணால் பார்த்துக் கூட்டிச் சொன்னார்களா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்படி அளந்தோம் என்பது சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு அளந்தோம் என்பதற்கு மதிப்பில்லை.

சாயங்காலக் கணக்கு ஏன் பலிக்கிறது என்றால், வௌவால்கள் நேரம் தவறுவதில்லை. (நான் வேலை பார்த்த துறையோடு ஒப்பிட்டு வம்பில் மாட்டிக் கொள்ள விரும்பவில்லை.) இதைப் பற்றிப் புகழ்பெற்ற ஆராய்ச்சி நம் மதுரையில்தான் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்து முதலானோரும் வெளிச்சம் புகாத குகைக்குள் இலைமூக்கு வௌவால் ஒன்றைத் தனியே அடைத்து வைத்துப் பார்த்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் வந்து போய்க் கொண்டிருக்கும் வரை அதுவும் சரியான நேரத்தில் விழித்தது. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தால் நாளுக்கு நாள் அதன் நேரம் நழுவியது. தோழர்களைக் கொண்டே அது தன் கடிகாரத்தைச் சரி செய்து கொள்கிறது என்று 1981ல் எழுதினார்கள்.

காதுக்குக் கேட்காததை எண்ணுவது

மரத்தில் தொங்கும் பெரிய வௌவாலை நான் எண்ணலாம். பிளிகிரிரங்கன மலைக் காட்டுக்குள் இருட்டில் பூச்சி பிடிக்கும் சின்ன வௌவாலை எப்படி எண்ணுவது? இந்தியாவில் 130க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சின்ன வகைதான்.

இவை தம் குரலின் எதிரொலியைக் கேட்டு வழி அறிகின்றன. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. அவை அதற்கும் மேலே, சில இனங்கள் ஒரு லட்சத்தையும் தாண்டிக் கத்துகின்றன. 1938ல் அமெரிக்க மாணவர் டொனால்ட் கிரிஃபின், பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரின் கருவி முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் மனிதன் முதன்முதலில் இந்தச் சத்தத்தை அறிந்தான். இன்று கைக்கு அடக்கமான கருவிகள் வந்துவிட்டன. அவை அந்த ஒலியை நம் காதுக்கு எட்டும் அளவுக்கு இறக்கிக் கொடுக்கும். மரத்தில் கட்டிவிட்டு வந்தால் இரவு முழுவதும் பதிவு செய்து வைக்கும். அந்த மாணவர் தன் கருவியை ஒரு நாள் என் வீட்டு வாசலில் வைத்துக் காட்டினார். தெருவிளக்கடியில் ஒன்றுமே இல்லை என்று நான் நினைத்த இடத்தில் 'டிக், டிக், டிக்' என்று தொடங்கி, பூச்சியை நெருங்கியதும் 'டிர்ர்ர்' என்று முடிந்தது. என் மனைவி கதவைத் திறந்து வந்து, "ஏங்க, மோட்டார் ஏதும் ஓடுதா?" என்று கேட்டாள்.

சத்தத்தை வைத்து இனத்தைப் பிரிப்பதும் உண்டு. குதிரை லாட மூக்கு வௌவாலும் இலைமூக்கு வௌவாலும் ஒரே சுருதியைப் பிடித்துக் கொண்டு கத்துபவை. சுருதி இனத்துக்கு இனம் பெரும்பாலும் மாறும். ரயில் ஊதிக் கொண்டே நம்மைக் கடக்கும்போது சத்தம் இறங்குகிறதல்லவா, அந்த டாப்ளர் விளைவை 1845ல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றிச் சென்றுதான் சோதித்துக் காட்டினார். லாட மூக்கு வௌவால் அதைத் தினமும் கணக்குப் போடுகிறது. தான் பறக்கும் வேகத்தால் எதிரொலியின் சுருதி ஏறும் என்று அறிந்து, அதற்கேற்பத் தன் குரலை முன்கூட்டியே இறக்கிக் கொள்கிறது.

ஆனால் கருவியிலும் ஒரு குறை உண்டு. நூறு தடவை சத்தம் பதிவானால் நூறு வௌவால் கடந்ததா, ஒரே வௌவால் நூறு தடவை சுற்றியதா என்று அது சொல்லாது. நடமாட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத்தான் அது உதவும். பழந்தின்னி வௌவாலுக்கோ அது உதவவே உதவாது. அதற்கு எதிரொலி வித்தை கிடையாது. கண்ணையும் மூக்கையும் நம்பியே வாழ்கிறது.

கோலார் தந்த பாடம்

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் கர்நாடகத்திலேயே பதில் இருக்கிறது. கோலார் இலைமூக்கு வௌவால் என்று ஓர் இனம். 1994ல்தான் அறிவியலில் பெயரிட்டு எழுதினார்கள். கோலார் மாவட்டத்துப் பாறைக் குகைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் இரண்டு இடங்களில் இருந்தது. பிறகு உஸ்மானியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது ஹனுமனஹள்ளிக் குகை ஒன்றில் மட்டுமே மிஞ்சியிருந்தது. எண்ணிக்கை 200ஐ எட்டவில்லை. அதே குகையில் வேறு இலைமூக்கு வௌவால்களும் வாழ்வதால், பிரித்து எண்ணாமல் பார்த்துவிட்டு வந்தவருக்கு "குகை நிறைய வௌவால் இருக்கிறது, கவலையில்லை" என்றே தோன்றியிருக்கும். சுற்றிலும் கருங்கல் வெட்டு நடந்து கொண்டிருந்தது. 2016ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிகவும் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. கர்நாடக வனத்துறையும் இந்திய வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளையும் முயன்றதில் குகையைச் சுற்றி சுமார் 30 ஏக்கர் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது. 200க்கும் குறைவு என்ற கணக்கு இல்லாவிட்டால் அந்தப் பாறையும் இந்நேரம் யார் வீட்டுத் தரையாகவோ மாறியிருக்கும்.

எண்ணினால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. இந்துமகா சமுத்திரத்தில் ஜாவாவுக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. அங்கே மட்டும் வாழ்ந்த சின்னஞ்சிறு வௌவால் இனம் ஒன்றை ஒலிக்கருவி வைத்துக் கண்காணித்து வந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்று கருவி சொல்லிக் கொண்டே இருந்தது. மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்க்கலாம் என்று அனுமதி வந்தது 2009 நடுவில். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு வௌவாலின் குரல்தான் கேட்டது. 2009 ஆகஸ்ட் 26க்குப் பிறகு அதுவும் கேட்கவில்லை. 2017ல் இனமே அழிந்ததாக அறிவித்தார்கள். விரிசல் வளர்கிறது என்று வருஷா வருஷம் பதிவேட்டில் எழுதிவிட்டு, பாலம் விழுந்த பிறகு சிமென்ட் கேட்டு எழுதிய கதைதான்.

ஊர்க் கூட்டத்தில் நோட்டுப் புத்தகம்

நிற்க. நம் ஏரிக்கரைக்கு வருவோம்.

2021 செப்டம்பரில் கோழிக்கோட்டில் மறுபடியும் நிபா வந்து ஒரு சிறுவன் இறந்தான். இங்கே மறுபடியும் கோடரிப் பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். தோட்டக்காரர் ஒருவர், "பாவலி வருஷா வருஷம் இரண்டு மடங்காகப் பெருகுகிறது" என்றார். நான் நோட்டைத் திறந்தேன். மூன்று ஆண்டுக் கணக்கு. ஒரே மாதத்துக்கு ஒரே மாதம் ஒப்பிட்டால் எண்ணிக்கை ஏறவில்லை, சற்று இறங்கியே இருந்தது. அத்தி பழுக்கும் சமயம் கூடுகிறது, பழம் தீர்ந்தால் குறைகிறது. அவர் சொன்ன இரண்டு மடங்கு பழம் பழுக்கிற மாதங்களில் மட்டும் தெரிந்த கூட்டம்.

மரத்தை வெட்டினால் வௌவால் செத்துவிடாது, நாலு திசைக்குச் சிதறி நாலு ஊர் மரத்தில் தொங்கும், அதனால் நோய் குறையும் என்று சொல்வதற்கில்லை என்று அந்த மாணவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். அணில் கடித்ததோ வௌவால் கடித்ததோ, கடிபட்ட பழத்தைத் தின்னாமல் இருப்பதும், கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. கடைசியில் மரங்களை விட்டுவிடுவது, மரத்தடியில் பழம் பொறுக்கக் குழந்தைகள் போகாமல் முள்வேலி போடுவது, சாலைமேல் சாய்ந்திருந்த ஒரு கிளையை மட்டும் குட்டியில்லாத மாதத்தில் வெட்டுவது என்று முடிவாயிற்று. அந்த மாதம் எது என்பதை நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். 35 ஆண்டுக்கு முன் அந்த மேஸ்திரி என்னிடம் கேட்டதும் அதைத்தான். அவருக்கு நான் மறுத்ததை இந்த ஊர் எனக்குக் கொடுத்தது.

சட்டமும் பிற்பாடு மாறியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காக்கையோடு பழந்தின்னி வௌவாலும் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். அரிய இனமான சலீம் அலி பழந்தின்னி வௌவால் மாத்திரம் பிறகு விலக்குப் பெற்றது. 1948ல் நம் தேனி மாவட்டத்து மேகமலையில் கிடைத்த இனம் அது. 2022ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் முதல் அந்தத் தீங்குயிர்ப் பட்டியலே நீக்கப்பட்டது. பழந்தின்னி வௌவால் இப்போது பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இலுப்பைப் பூவுக்கும் இலவம் பூவுக்கும் இரவில் மகரந்தம் சுமப்பது இவைதான் என்பதைச் சட்டம் தெரிந்துகொள்ள 50 ஆண்டு ஆயிற்று. மதுரைக்கு அருகே புளியங்குளம் கிராமத்தார் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆலமரத்து வௌவால்கள் முனியின் காவலில் இருப்பவை, தொட்டால் குற்றம் என்று அவர்கள் வைத்திருந்ததைப் பேராசிரியர் மாரிமுத்து 1988லேயே எழுதியிருக்கிறார்.

பொறியாளர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980ல் திருத்திக் கட்டியபோது அடியில் முக்கால் முதல் ஒன்றரை அங்குலம் வரை அகலமான இடைவெளிகள் விட்டார்கள். லட்சக்கணக்கான வௌவால்கள் குடியேறின. முதலில் ஊரே அலறியது. விளக்கிச் சொல்ல ஆள் வந்தபின் அடங்கியது. இன்று அவை புறப்படும் காட்சியைப் பார்க்க மக்கள் பாலத்தின்மீது வரிசையில் நிற்கிறார்கள். பாலமும் உறுதியாக நிற்கிறது. இதை 32 வயதில் படித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

உங்கள் உதவி தேவை

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு காற்றில் ஏரிக்கரை ஆலமரம் ஒன்று சாய்ந்தது. அதன்பின் என் எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. அவை செத்தனவா, அல்லது எளந்தூர், கொள்ளேகால், நஞ்சன்கூடு பக்கம் வேறு மரத்துக்குப் போய்விட்டனவா? ஒரே இரவில் பல மைல் பறக்கும் பிராணி அது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே ரங்கனதிட்டில் பெரிய கூட்டமே உண்டு. அங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் என் நோட்டுக்குத் தெரியாது. ஒரு மரத்தடியில் நிற்கும் ஒரு கிழவனின் கணக்கு இதற்குமேல் பேசாது.

ரயில்வேயில் வாகன் சென்ஸஸ் என்று ஒன்று உண்டு. சரக்கு வண்டிப் பெட்டிகள் ஊர் ஊராக ஓடிக் கொண்டே இருப்பவை. ஆகவே எல்லா நிலையங்களிலும் குறித்த ஒரே நேரத்தில் எண்ணுவோம். அப்போதுதான் ஒரு பெட்டி இரண்டு தடவை கணக்கில் வராது, விட்டும் போகாது. வௌவாலுக்கும் அதுதான் வழி. பிரிட்டனில் 1996 முதல் இப்படித் தன்னார்வத் தொண்டர்கள் எண்ணி அனுப்பும் தேசியத் திட்டம் நடக்கிறது. நம் நாட்டில் புலியை 2006 முதல் நாலாண்டுக்கு ஒருமுறை காடு காடாக எண்ணுகிறோம். நம் மாவட்டத்துப் பந்திப்பூரிலும் எண்ணுகிறார்கள். அதே மாவட்டத்துக் குளத்தங்கரை வௌவாலுக்கு என் 40 பக்க நோட்டுதான் இருக்கிறது.

சங்க உறுப்பினர்கள் மைசூரில் இருக்கிறீர்கள், குண்டலுபேட்டையில் இருக்கிறீர்கள், கொள்ளேகாலில் இருக்கிறீர்கள். உங்கள் தெருவிலோ, கோயில் தோப்பிலோ, ஆற்றங்கரையிலோ வௌவால் தொங்கும் மரம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, சூரியன் மறைந்ததிலிருந்து இருட்டும் வரை, மரத்தைவிட்டுத் தள்ளி நின்று எண்ணுவோம். டார்ச் அடிக்க வேண்டாம், கல் எறிய வேண்டாம், மரத்தடிக்குப் போக வேண்டாம். பேரன் பேத்திகளை அழைத்து வாருங்கள். என் பேத்தி என்னைவிடச் சரியாக எண்ணுகிறாள். கண் நல்ல கண்.

வெட்ட வேண்டும் என்று அன்றைக்குச் சொன்ன அதே தோட்டக்காரர் போன மாதம் ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினார். முதல் ஆண்டு அவர்தான், "ஏன் ஸ்வாமி, பாவலி லெக்க மாடி ஏன் மாட்தீரா?" என்று சிரித்தவர். வௌவாலைக் கணக்கெடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அர்த்தம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "ஈ திங்களு எஷ்டு, ஸ்வாமி?" என்று கேட்டார். இந்த மாதம் எத்தனை என்றார். சொன்னேன். "கம்மி ஆயிதல்லா" என்று நின்றார். குறைந்துவிட்டதே என்று. போன வருஷம் எவ்வளவு என்று கேட்டார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

(கட்டுரையாளர் சாமராஜநகரில் வசிக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர். சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்.)